டிகிரிக்கு அப்புறம் மறுபடியும் பதினொன்றாம் வகுப்பு

தை நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் வீதியில் இருக்கும் தங்கை ஒருத்தி மஞ்சப்பையோடு வீட்டுக்கு வந்தாள். பைக்குள் பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி நான்காம் செமஸ்டர் வரைக்கும் எல்லா மதிப்பெண் பட்டியலும் அடுக்கி வைத்திருந்தாள். கோபிசெட்டிபாளையத்தில் (கோபி) பி.எஸ்சி. மூன்றாம் வருடம் படிக்கிறாள். "டிகிரி முடிச்சிட்டு எம்.பி.பி.எஸ். போக முடியுமாக்கா? இதுல எதெல்லாம் கணக்குல எடுத்துக்குவாங்க?" என்று கேட்டாள்.

2021இல் நானும் இதே கேள்வியோடுதான் சுற்றிக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல எங்கள் ஊரில் ஆள் இல்லை. அதனால் அவளுக்குச் சொன்னதையும், அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் வாங்கிய மதிப்பெண் மருத்துவச் சேர்க்கையில் ஒரு மார்க்குக்குக்கூட உதவாது. பல்கலைக்கழகத்தில் ரேங்க் வாங்கியிருந்தாலும் அரியரோடு முடித்திருந்தாலும் ஒன்றுதான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துத் தேவையான சதவீதம் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் தரவரிசையைத் தீர்மானிப்பது நீட் மதிப்பெண் மட்டும். வயதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பொதுப்பிரிவுக்கு 25 என்று முன்பு இருந்த உச்ச வரம்பை 2022 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

என் பெரியப்பா மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். பெரியப்பா திருப்பூரிலிருந்து வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அவளும் நானும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் டிகிரி முடித்தோம். அங்கே டிகிரி முடித்தால்தான் மருத்துவக் கல்லூரிக்கே போக முடியும். எம்கேட் என்று ஒரு தேர்வு, ஏழரை மணி நேரம் நடக்கும், 472இல் தொடங்கி 528 வரைக்கும் மதிப்பெண். அது போக நான்கு வருட கல்லூரி மதிப்பெண், பேராசிரியர்கள் தரும் பரிந்துரைக் கடிதம், மருத்துவமனையில் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தாய் என்ற கணக்கு, ஏன் மருத்துவராக ஆசைப்படுகிறாய் என்று 5300 எழுத்துக்குள் ஒரு கட்டுரை, கடைசியில் நேர்காணல். அவள் ஒரு வருடம் இடைவெளி எடுத்து, ஒரு மருத்துவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோயாளி சொல்வதைத் தட்டச்சு செய்யும் வேலைக்குப் போனாள். அது அவளுடைய விண்ணப்பத்துக்குப் பலம். நானும் அந்த வருடம் சத்தியமங்கலத்தில் ஒரு கிளினிக்கில் டோக்கன் போடும் வேலை பார்த்தேன். மாலை வேளையில் அவள் போன் பண்ணும்போது அவளுக்கு விடிந்திருக்கும். இரண்டு பேரும் அன்றைக்குப் பார்த்த நோயாளிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். அதை விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ள அவளுக்கு ஒரு இடம் இருந்தது. எனக்கு இல்லை.

ஆனாலும் அந்தக் கிளினிக் வருடத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு பாட்டி, எங்கள் அம்மாயி வயது இருக்கும், காலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். அவிழ்த்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிய ஆறாத புண். சர்க்கரை 400ஐத் தாண்டி இருந்தது. டாக்டர் அம்மா கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடிப்பக்கம் வைத்து, இருபது நிமிடம் கழுவினார். வெளியே பதினெட்டு டோக்கன் காத்திருந்தது. அவர் அவசரப்படவே இல்லை. எனக்கு இந்த வேலைதான் வேண்டும் என்று அன்றைக்குத்தான் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

இனி என் கணக்கு. நான் பிளஸ் டூ முடித்தது 2018இல். 1200 மதிப்பெண் முறையில் எழுதிய கடைசி செட் நாங்கள். உயிரியல் 192, வேதியியல் 183, இயற்பியல் 171. பழைய கட் ஆஃப் முறையில் போட்டால் 200க்கு 184.5 வரும். 2016 வரைக்கும் அப்படித்தான் சீட் கொடுத்தார்கள். அந்த முறை இருந்திருந்தாலும் எனக்குச் சீட் கிடைத்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் செட்டுக்கு இன்னொரு விஷயம் உண்டு. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2018 மார்ச்சில்தான் முதல்முறையாக வந்தது. எங்களுக்கு அடுத்த செட்டிலிருந்து. அதனால் நாங்கள் பதினொன்றாம் வகுப்பைப் பாதி படித்தோம், பாதி தாண்டினோம். டிசம்பர் வரும்போதே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இது ஊருலகத்தில் நடந்ததுதான். நாமக்கல் பக்கம் பெரிய பெரிய பள்ளிகளிலேயே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமே ஓடும். ஆனால் நீட்டில் ஏறக்குறைய பாதிக் கேள்வி பதினொன்றாம் வகுப்பிலிருந்து வருகிறது. விசை, சுழற்சி, வெப்பம், அலைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதே வருடம் மே மாதம் நானும் நீட் எழுதினேன். எர்ணாகுளத்தில் சென்டர் போட்டிருந்தது. அப்பாவும் நானும் ரயிலில் போய் வந்தோம். 98 மதிப்பெண். அந்த வருடம் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்காகி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியதும் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு வாரம் நம்பிக்கையோடு இருந்தோம். அப்புறம் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்துவிட்டேன்.

கல்லூரி மூன்றாம் வருடத்தில், 2020 அக்டோபர் கடைசியில், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று செய்தி வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் படித்தவள். ஆனால் அது அந்த வருடம் பிளஸ் டூ முடிக்கிறவர்களுக்கு மட்டும் என்று நானாகவே முடிவு செய்து ஒரு வருடத்தை விட்டுவிட்டேன். அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. எப்போது முடித்திருந்தாலும் பொருந்தும். டிகிரி முடித்தவர்களுக்கும் பொருந்தும். அரசே கட்டணத்தையும் ஏற்றுக்கொள்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வேறு டிகிரியில் உட்கார்ந்திருக்கும் தங்கை தம்பிகள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள்.

2022 ஜூலை 17 அன்று மறுபடியும் நீட் எழுதினேன். கிளினிக் வேலை முடிந்து இரவில் படித்தது. வந்த மதிப்பெண் 203. உயிரியல் 168, வேதியியல் 24, இயற்பியல் 11.

அந்தப் பதினொன்றை நான் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விடைக்குறிப்பை வைத்துச் சரிபார்த்தால் இயற்பியலில் 39 கேள்விக்கு விடை நிரப்பியிருக்கிறேன். பத்து சரி, 29 தப்பு. சரிக்கு நான்கு, தப்புக்கு ஒன்று கழியும். நாற்பது மதிப்பெண் சம்பாதித்து இருபத்தொன்பதைக் கையால் கொடுத்திருக்கிறேன். எதுவுமே படிக்காமல் போயிருந்தால்கூட இவ்வளவு தப்பு செய்திருக்க மாட்டேன். அரைகுறையாகத் தெரிந்ததுதான் ஒவ்வொரு கேள்வியிலும் கையை நீட்ட வைத்தது.

விலங்கியல் படித்ததும் உயிரியலில் எனக்கு இரண்டு விதமாக வேலை செய்தது. மரபியலும் உடலியலும் ஏற்கெனவே பழகிய பாதை. ஆனால் நீட் கேட்பது மத்திய அரசுப் பாடநூலான என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வரியை. நுரையீரலில் எஞ்சிய கொள்ளளவு எவ்வளவு என்றால் அந்தப் புத்தகத்தில் 1100 முதல் 1200 மில்லி. கல்லூரிப் புத்தகங்களில் இந்த மாதிரி எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், விளக்கமும் நான்கு பக்கம் போகும். தேர்வில் நான் அந்த நான்கு பக்கத்தையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிகிரி படித்தவர்கள் உயிரியலில் செய்ய வேண்டியது தெரிந்ததைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வைத்துவிட்டு, புத்தகத்தை வரிவரியாக, படத்தின் கீழே இருக்கும் குறிப்பு உட்பட, புதிதாகப் படிப்பது. எனக்கு இது எளிதாக வரவில்லை. தெரியும் என்ற நினைப்பு கண்ணை மறைத்துக்கொண்டே இருந்தது.

நாமக்கல்லில் ரிப்பீட்டர் கோச்சிங் விசாரித்தோம். விடுதியோடு சேர்த்து ஒன்றேகால் லட்சம் சொன்னார்கள். எங்களுக்கு இருப்பது குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர் மல்லித் தோட்டம். அப்பா கடன் வாங்கத் தயாராக இருந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். எனக்கு இல்லாதது மொத்தப் பாடமும் அல்ல, ஒரே ஒரு வகுப்பு. அதை உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தர ஒரு ஆள் போதும் என்று தோன்றியது.

கோபியில் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். என் பள்ளித் தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார். வாரத்துக்கு மூன்று நாள், பஸ்ஸில் போய்வருவேன். காசு வாங்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பதிலுக்கு அம்மா மாதம் ஒரு தடவை தேங்காயும் வாழைத்தாரும் கொடுத்து விடுவார்.

முதல் இரண்டு மாதம் சார் நீட் கேள்வித்தாளைத் தொடவே விடவில்லை. அலகுகள், வெக்டார், சைன் காஸ், மடக்கை, பின்னத்தைச் சுருக்குவது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு எல்லாம் போட வைத்தார். "உனக்கு இயற்பியல் வராம இல்லம்மா. கணக்குல கை நடுங்குது, அதுதான்" என்றார். அது உண்மை. 0.02ஐ 5000ஆல் பெருக்கச் சொன்னால் அப்போது எனக்கு ஒரு நிமிடம் ஆகும்.

திருப்பு விசை நடத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் பழைய அடிபம்பு ஒன்று இருந்தது. கைப்பிடியை நுனியில் பிடித்து அடிக்கச் சொன்னார், தண்ணீர் வந்தது. பிறகு கையை நகர்த்தி, கைப்பிடி பம்போடு சேரும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடிக்கச் சொன்னார். என் மொத்த எடையையும் போட்டும் கைப்பிடி இறங்கவில்லை. "விசை அதேதான். தூரம் எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே நின்று கையை அரைச் சாண் அரைச் சாணாக நகர்த்தி அடித்துப் பார்த்தேன். இறைத்த தண்ணீர் வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது. பிளஸ் ஒன்னில் ஒரே மூச்சில் தாண்டிப்போன பாடம் ஆறு வருடம் கழித்து உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அந்தப் பாடத்துக் கணக்கில் பதினான்கு போட்டேன், பதினொன்று சரி.

இயற்பியலுக்கு 2018இல் வந்த புதிய தமிழ்நாட்டுப் பாடநூலைத்தான் வைத்துக்கொண்டேன். நாங்கள் படித்த பழைய புத்தகத்தைவிட எவ்வளவோ மேல். தமிழிலும் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவும் இறக்கிக்கொள்ளலாம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். தமிழ் வினாத்தாள் வாங்கினால் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே இறுதி. அதனால் நான் ஒரு நோட்டு போட்டேன். இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல். திருப்பு விசைக்கு டார்க், நிலைமத்துக்கு இனர்ஷியா, மின்தேக்கிக்கு கெபாசிட்டர், இப்படி 640 சொற்கள் சேர்ந்தன. தேர்வில் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, சந்தேகம் வந்தால் ஆங்கில வரியில் அந்த ஒரு சொல்லைத் தேடுவேன். 2018இல் இந்த வேலையைச் செய்யத் தெரியாமல் போய்விட்டது.

படிப்பை விட்டுவிட்டு வேலையைச் சொல்கிறேன். மல்லி விடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். மொட்டு வாய் திறந்தால் மார்க்கெட்டில் விலை இல்லை. மூன்று மணிக்கு எழுந்து, தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு, வரப்பில் பாம்பு இருக்கிறதா என்று முதலில் ஒரு சுற்று வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குவோம். வெளிச்ச வட்டத்துக்குள் வெள்ளையாக விம்மியிருக்கும் மொட்டை மட்டும் நகத்தால் கிள்ள வேண்டும், பச்சை ஓடியதை நாளைக்கு விட்டுவிட வேண்டும். மார்கழியில் பூ குறைவு, விலை அதிகம். மாசி பங்குனியில் ஆரம்பித்து வைகாசி வரைக்கும் கொத்துக் கொத்தாக வரும். அதாவது நீட் வரும் சமயம்தான் எங்கள் தோட்டத்துக்கு ஆள் அதிகம் வேண்டிய சமயம்.

2023 மார்ச் மாதம் ஒருநாள் மூன்று மணிக்கு அலாரம் அடித்ததும் எழுந்தேன். அம்மா திண்ணையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டே, "நீ எந்திரிக்காத கண்ணு. ஆள் சொல்லி வெச்சிருக்கறேன்" என்றார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் அந்த சீசனில் கையில் நிற்பது என்ன என்று எனக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் லைட்டைப் போட்டு உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் அத்தை வந்து, "ஏனம்மிணி, டிகிரி முடிச்ச புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கற நேரத்துல, திரும்பவும் பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்தைத் தூக்கிட்டு உக்கார்ந்திருக்கறே?" என்று கேட்டிருந்தார். அப்பாதான் பதில் சொன்னார். "என்ற புள்ள படிக்கட்டும் விடு. மூணு வருஷம் வீணாப் போச்சுன்னு நாங்க நெனைக்கல." அத்தை அன்பில்லாமல் கேட்கவில்லை. இன்றைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதும் அவர்தான்.

சான்றிதழ்களை விட்டுவிடக் கூடாது. டிகிரி முடித்தவர்கள் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் பள்ளியை விட்டு வருடக்கணக்காகிவிட்டது. 7.5 சதவீதத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்க வேண்டும். நான் எட்டாவது வரை படித்த நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் மாறியிருந்தார். பீரோவிலிருந்து துணி பைண்டு போட்ட பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வைத்தார். என் பெயருக்கு நேராக அப்பா பெயர் சுப்பிரமணி. சாதிச் சான்றிதழிலோ சுப்ரமணியன் என்று அடித்திருந்தார்கள். இந்தப் பெயர்ப் பிரச்சினையைச் சரிசெய்து புதுச் சான்று வாங்க இருபத்து மூன்று நாள் ஆனது. நல்லவேளை, நான் ஜனவரியிலேயே ஆரம்பித்திருந்தேன். ரிசல்ட் வந்த பிறகு ஓடியிருந்தால் கலந்தாய்வுக்கு நேரத்தில் கைக்கு வந்திருக்காது. அரசுக் கல்லூரிகளில் மத்திய அரசு நிரப்பும் அகில இந்திய 15 சதவீத இடத்துக்கும் ஓ.பி.சி. பிரிவில் விண்ணப்பிப்பதாக இருந்தால் அதற்கு மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும், நம் மாநில பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. கல்லூரியில் கொடுத்த டி.சி.யைப் பத்திரமாக வைத்திருங்கள், லேமினேட் செய்துவிடாதீர்கள்.

2023 மே 7. மதியம் இரண்டு மணித் தேர்வுக்குப் பதினொன்றரைக்கே வாசலில் நின்றோம். தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். மூக்குத்தி மட்டும் வரவே இல்லை. பக்கத்தில் வேறு பிள்ளையோடு வந்திருந்த ஒரு அம்மா தேங்காய் எண்ணெய் வைத்திருந்தார், ஒரு சொட்டு விட்டுத் திருகி எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே சார் சொன்ன ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். இயற்பியலில் முதல் வாசிப்பில் சூத்திரம் உடனே வராத கேள்வியைத் தொடாதே, இரண்டாம் சுற்றிலும் வராவிட்டால் வட்டத்தை வெள்ளையாகவே விட்டுவிடு. அப்போது 200 கேள்வி கொடுத்து 180க்கு விடை எழுதும் முறை. 2025 முதல் 180 கேள்விதான், மூன்று மணி நேரம்தான், சாய்ஸ் கிடையாது. ஆனால் இந்தக் கணக்கு மாறவில்லை. நான் இயற்பியலில் 29 மட்டும் நிரப்பினேன். பதினாறு வட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டு எழுந்து வர மனது ரொம்பவும் கஷ்டப்பட்டது. பத்தொன்பது சரி, பத்து தப்பு, 66 மதிப்பெண். வேதியியல் 93, உயிரியல் 292. மொத்தம் 451.

கலந்தாய்வில் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. 2022இல் ஒரே நாளில் திறந்த பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. திருப்பூரிலும் நீலகிரியிலும் திறந்தது அன்றைக்குத்தான். வகுப்பில் என்னைவிட நான்கு வயது சின்னவர்கள் அதிகம். முதல் வாரம் அக்கா என்றார்கள், அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். உடலியங்கியல் வகுப்பில் மட்டும் என் பி.எஸ்சி. நோட்டுகள் மறுபடி வெளியே வந்தன, தவளை இதயத்தின் படம் வரைந்த பக்கம் உட்பட. பெரியப்பா மகளுக்கும் இரண்டாம் முறை விண்ணப்பித்ததில் இடம் கிடைத்துவிட்டது. இப்போது போனில் இரண்டு பேருக்கும் ஒரே பாடம்.

மஞ்சப்பைத் தங்கையின் மதிப்பெண் பட்டியல்களில் பிளஸ் ஒன்றை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தேன். அவள் செட்டுக்கு அது பொதுத்தேர்வு, அதனால் இயற்பியல் முழுதாக நடத்தியிருக்கிறார்கள், ஆனால் மதிப்பெண் 58. அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும் என்று காட்டினேன். சொல் நோட்டையும் கொடுத்துவிட்டேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அவளும் அரசுப் பள்ளிதான். படிப்புச் சான்றுக்கு அடுத்த திங்கட்கிழமையே போகச் சொல்லியிருக்கிறேன். கோபி சாரிடமும் பேசிவிட்டேன். "அடிபம்பு இன்னும் ஓடுதா சார்?" என்று கேட்டேன். வாஷர் மாற்றியிருக்கிறாராம், வரச்சொல் என்றார்.